ஓசூரில் ஒரு ஈப்போ சைக்கிள்

1

நான் ஓசூருக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் ஆகிறது. ஈப்போவிலிருந்து அக்கா போன் செய்து, "தாய்நாட்டுல பத்து வருஷம். குடுத்து வச்சவ நீ," என்றாள். நான் அப்போது குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, டேங்கர் வந்ததா, தண்ணீர் ஏறுகிறதா என்று காற்றுச் சத்தத்தைக் கேட்டபடி நின்றிருந்தேன். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஈப்போவில் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அக்காவின் எண்ணம்தான் இருக்கும். தமிழ்நாட்டில் கால் வைத்ததும் எல்லோரும் தேன் வழியத் தமிழ் பேசி வரவேற்பார்கள் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். ஓசூரில் என்னிடம் முதலில் பேசிய ஆட்டோக்காரர் கன்னடத்தில் பேசினார். காய்கறி விற்ற அம்மாள் தெலுங்கில் விலை சொன்னார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஜெகதீசன் மதுரைக்காரர், அசல் தமிழர். அவர் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னதும் என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பி, "மேடம் ஸ்ரீலங்காவா சார்?" என்று கேட்டார். மலேசியா என்று நானே சொன்னேன். "ஓ, அங்கயும் தமிழ் இருக்கா?" என்றார். இருக்கிறது, இங்கேதான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். புதிதாக வந்தவள் என்பதால் சிரித்துவைத்தேன். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

என் கணவர் செல்வராஜ் கிருஷ்ணகிரிக்காரர். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தபோது எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஒப்பந்தம் முடிந்ததும், "ஓசூர்ல ரெண்டு வருசம் இருந்து பாப்போம். ஒத்துவரலன்னா திரும்பிக்கலாம்," என்றார். ஒத்துவரவில்லை. திரும்பவும் இல்லை. வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு இப்போது தலைவர் அவர். கம்பெனி பஸ் ஏறிப் போச்சம்பள்ளிக்குப் போகிறார். பொழுதெல்லாம் மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது அவருக்குச் சம்பளம் தரும் வேலை. நான் அதையே சம்பளமில்லாமல் செய்கிறேன்.

ஈப்போவிலிருந்து எங்கள் சாமான்களோடு ஒரு சைக்கிளும் கப்பலில் வந்தது. அது என்னுடையது. முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்த மலைச் சைக்கிள். படிப்பு முடிந்ததும் ஒரு சீனர் நடத்திய சைக்கிள் கடையில் கணக்குப் பார்க்கப் போனேன். கணக்கு கொஞ்சம்தான் இருந்தது, மீதி நேரம் சக்கரம் கழற்றி மாட்டினேன். அப்போது வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பேங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இரண்டு தோழிகளோடு ஓட்டியிருக்கிறேன். மழை பெய்த செம்மண்ணில் வழுக்கி விழுந்து, அட்டை கடித்து, ரத்தத்தோடு வந்து நுரை பொங்கும் தே தாரேக் டீ குடித்த நாட்கள் அவை. அழகாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். அட்டைக்கடி அரித்தது. ஆனால் யாரும் என்னை எந்த நாடு என்று கேட்கவில்லை.

ஓசூரில் கொஞ்ச நாள் ஓட்டினேன். சிப்காட் சாலையில் லாரிகள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பிறகு மகள் யாழினியின் பள்ளி, வீடு, வருஷந்தோறும் விசாவுக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் காத்திருப்பு என்று போய்விட்டது. சைக்கிள் பேஸ்மெண்டுக்குப் போனது.

2

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை பேஸ்மெண்டில் இறங்கியபோது சைக்கிள் நின்ற இடம் காலியாக இருந்தது. தூசியில் இரண்டு டயர் தடம் மட்டும் இருந்தது.

ஜெகதீசனின் கதவைத் தட்டினேன். அவர் இறுக்கமான சைக்கிள் உடையில் வந்து திறந்தார். அவர் 'வார இறுதி வீரர்கள்' என்ற ஒரு சைக்கிள் குழுவுக்கும் தலைவர். கார்களின் பின்னால் விலையுயர்ந்த சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய், தட்டு இட்லிக் கடைக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி, கடைவரை ஓட்டி, சாப்பிட்டு, படம் எடுத்து, மறுபடி காரில் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். அந்த உடையில் தொந்தி இரண்டு மாடியாகத் தெரியும்.

"மேடம், ஸ்கிராப் சைக்கிளெல்லாம் எடுத்துருங்கன்னு குரூப்ல போட்டேனே. நீங்க பாக்கல."

"அது ஸ்கிராப்புன்னு யாரு சொன்னா?"

"இருபத்தாறு இஞ்ச் வீல் மேடம். உலகத்துல இப்ப யாருமே ஓட்றதில்ல. டெட் டெக்னாலஜி." ஒரு மரணச் செய்தியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாகலூர் ரோட்ல பாஷா பாய் கடை. நேத்துதான் எடுத்துட்டுப் போனாப்ல."

பாஷா பாயின் பழைய இரும்புக் கடை வாசலில் என் சைக்கிள் ஒரு வாஷிங் மெஷினுக்கும் கட்டில் காலுக்கும் நடுவே தலைகீழாகக் கிடந்தது. பாய் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா சைக்கிளு இது, உள்ளாற ஸ்பிரிங்கு கிஸ்பிரிங்கு வச்சிக்கினு? அலுமினியத்த தனியா வெட்டணும். வெட்டற ஆளு இன்னிக்கி லீவு. இல்லன்னா இந்நேரம் தட்டையாயிருக்கும்."

வெட்டுகிற ஆள் எதற்காக லீவு போட்டிருந்தாலும் அவருக்கு என் நன்றி. குடியிருப்புக்குப் பேசிய விலைக்கே பாய் திருப்பிக் கொடுத்தார். "ஒங்க செக்கரட்டரி கிட்ட சொல்லு, பொருளு யாருதுன்னு கேட்டுட்டு விக்கச் சொல்லு," என்றார். நான் சொல்லவில்லை. ஜெகதீசனுக்கு எதையும் சொல்லி ஆகப்போவதில்லை. வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தேன். பின் ஷாக்கில் காற்று இல்லாததால் சைக்கிள் உட்கார்ந்த நாயைப் போலப் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, "இத்த ஏன் மா திரும்ப எடுத்தாந்தீங்க?" என்றார். அன்றுதான், இதைப் பழையபடிக்கு மட்டுமில்லை, பழையதைவிட நன்றாக ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணத்தால் எடுத்த முடிவு இல்லை அது. முழுக்க முழுக்க ஆத்திரம்.

3

முதல் தப்பை என் வாய் செய்தது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'சைக்கிளுக்கு நல்ல போமன் யாராவது தெரியுமா?' என்று கேட்டுவிட்டேன். உங்களுக்குப் புரியும், நமக்கு மெக்கானிக் என்றால் போமன்தான். இங்கே போர்மன் என்றால் தொழிற்சாலையில் ஆட்களை மேய்ப்பவர். மறுநாள் ஓய்வுபெற்ற ஒரு போர்மன், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்தார். சைக்கிள் தொழிற்சாலை எங்கே வரப்போகிறது, எத்தனை ஷிப்ட் என்று விசாரித்தார். காப்பி கொடுத்து அனுப்பினேன். குழுவில் அந்த வாரம் முழுவதும் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. யாழினி, "அம்மா, நீ குரூப்ல எழுதறத நிறுத்து ப்ளீஸ்," என்றாள்.

பெங்களூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். முகமெல்லாம் தாடி வைத்த விற்பனையாளர் சைக்கிளைத் தொடக்கூட இல்லை. அதன் ஃப்ரேமைப் பார்த்து, "இதக் கழுவி சுவத்துல மாட்டிடுங்க மேடம்," என்றார். பழையதைக் காப்பாற்ற வேண்டும், பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் கடையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. சமையலறைக்கு வெளியே இருக்கும் பயன்பாட்டு பால்கனியில் சைக்கிளைப் பிரித்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி மேலும் கீழும் அசைவதற்காக மூட்டுகளில் சிறு பேரிங்குகள் இருக்கும். எல்லாம் துருவேறி இறுகியிருந்தன. அவற்றின் பக்கவாட்டில் இருந்த எண்ணைத் துடைத்துப் படித்தால், உலகம் முழுக்க மோட்டார்களில் போடுகிற சாதாரண அளவுதான். ஓசூரில் பேரிங் கிடைக்காது என்றால் வேறெங்கும் கிடைக்காது. கடைக்காரர் எந்த மெஷினுக்கு என்று கேட்டார். சைக்கிளுக்கு என்றதும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

புது பேரிங்குகள் லேசாகச் சுருங்கினால் இடத்தில் எளிதாக இறங்கும் என்பதால் ஃப்ரீசரில் வைத்தேன். ஐஸ்க்ரீம் எடுக்கப்போன செல்வராஜ் கையில் பேரிங் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"கோழிக்குப் பக்கத்துல இது இன்னா?"

"பேரிங்குலா. எடுத்த இடத்துல வைங்க."

"கம்பெனிலதான் நாள் பூரா இதப் பாக்கறேன். வீட்லயுமா?" என்றார். ஆனால் வைத்துவிட்டு பால்கனிக்கு வந்தார். பின் ஷாக்கைக் கையில் எடுத்து, தனக்குத் தெரியாத ஷாக்கா என்ற முகத்தோடு மூடியைத் திருகப் போனார். காலையில்தான் பம்பால் காற்று அடைத்து எங்கே கசிகிறது என்று தண்ணீரில் முக்கிப் பார்த்திருந்தேன். கையைத் தட்டிவிட்டேன்.

"காத்த எறக்காம தொறந்தா மூடி பறந்து வந்து பல்ல ஒடைக்கும்."

"எங்க லைன்ல வர்ற ஷாக்கு..."

"ஒங்க லைன்ல வர்றது எண்ணெ ஷாக்கு. இது காத்து."

வால்வை அழுத்தினேன். சீறிக்கொண்டு காற்று போனது. அவர் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ரப்பர் வளையங்களை ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் அளவு பார்த்து வாங்கி மாற்றினேன். முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று போட்டேன். கம்பி பிரேக்குக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக். அகலமான கைப்பிடி. விசையைத் தட்டினால் தானே இறங்கும் சீட்டுத் தண்டு. இருபத்தாறு இஞ்ச் டயர் மட்டும் எங்கும் கிடைக்காமல், கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கடை மூலையில் இருந்து வந்தது.

முடித்த அன்று குடியிருப்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினேன். வேகத்தடைகளில் இறங்கியது தெரியவில்லை. ஜெகதீசன் பார்த்துக்கொண்டு நின்றார். "நாட் பேட் மேடம். ஆனா இவ்ளோ மெனக்கெட்டதுக்குப் புதுசே வாங்கிருக்கலாம்," என்றார். புதுசு வாங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாதவர்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தைச் சொல்வார்கள்.

4

யாழினி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி எல்லை தாண்டி, கர்நாடகத்தில், அத்திப்பள்ளியில். தோழிகளோடு கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், அப்பாவின் ஊருக்குப் போனால் தெலுங்கும் வரும். என்னிடம் பேசுவது எஞ்சிய நேரத்தில். பள்ளி பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள், "பஸ்ஸு லேட்டாலா?" என்று கேட்டேன். என் மலேசிய 'லா'வைக் கேட்டுக் கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அம்மா, சும்னிரு," என்றாள். கன்னடத்தில் வாயை மூடு என்பதை மரியாதையாகச் சொல்ல வழி இருக்கிறதாம், இது அந்த வழி இல்லை. கல்லூரிக்குப் பெங்களூர் என்று முடிவுசெய்துவிட்டாள். ஈப்போவைப் பற்றிக் கேட்டால், "அங்க எனக்கு ஆறு வயசும்மா, ஒண்ணுமே ஞாபகம் இல்ல," என்பாள். அவள் பிறந்த ஊர் அது.

என் சைக்கிளைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்தது. என்னுடையதை அல்ல, புதியதை. செல்வராஜ் இணையத்தில் தள்ளுபடியில் ஒன்று வாங்கிவிட்டார். பெட்டி வந்து இறங்கியபோதுதான் எனக்குத் தெரியும். பச்சை நிறம், முன்னால் ஷாக், பின்னால் ஷாக், எல்லா இடத்திலும் மின்னல் படம். தூக்கிப் பார்த்தேன். வீட்டுக் கேட்டைத் தூக்குவது போல இருந்தது. பின் ஷாக் வெறும் ஸ்பிரிங். அமுக்கினால் குழந்தையின் பொம்மைக் குதிரைபோல ஆடியது.

"இது சைக்கிள் மாதிரி செஞ்ச பொருள். சைக்கிள் இல்ல," என்றேன்.

"ஒனக்கு எதுவுமே புடிக்காது," என்றார் செல்வராஜ். "பத்து வருசமா பாக்கறேன். தண்ணி சரியில்ல, ரோடு சரியில்ல, பேச்சு சரியில்ல. அவ சந்தோசமா ஓட்டட்டுமே."

"தெருவுல ஓட்டட்டும். மேட்டுல எறக்கக் கூடாது."

"அம்மாவுக்கு ஜெலஸ்," என்றாள் யாழினி.

அவளை ஜெகதீசன் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். இளைஞர் பிரிவு என்று பெயர். அதில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

5

அன்று பொது விடுமுறை. சூளகிரி தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் மேட்டுக்கு வீரர்கள் போவதாக அறிவிப்பு வந்தது. தட்டு இட்லியைத் தாண்டிப் போவது அவர்களுக்கும் முதல் தடவை. யாழினியைத் தடுத்தேன். செல்வராஜ் அனுமதி கொடுத்துவிட்டார். அதனால் நானும் என் சைக்கிளோடு அவர்கள் கார் ஒன்றில் ஏறிப் போனேன். புறப்படும் முன் அவள் சைக்கிளின் எல்லாத் திருகாணிகளையும் இறுக்கினேன். இறுக்கினால் சரியாகிற இடங்கள் எல்லாம் சரியாயின.

மேட்டின் மேலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையும் அதில் வரிசையாக லாரிகளும் தெரிந்தன. இறங்கும் பாதை உடைந்த கருங்கல்லும் சரளையும். நடுவில் ஒரு பாறைத் திட்டு, அதற்குக் கீழே திடீரென்று பள்ளம். வீரர்கள் மேலே நின்று படம் எடுத்தார்கள். பிறகு பெரும்பாலோர் சைக்கிளைத் தோளில் சுமந்து இறங்கினார்கள். ஜெகதீசன் உலகத் தரமான கார்பன் சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி வழியில் ஓரமாக நின்று மற்றவர்களுக்கு வழி சொன்னார்.

நான் யாழினியிடம், பிரேக்கை விடாதே, பாறைக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு வா என்றேன். தலையாட்டினாள். அவள் முன்னால், நான் கொஞ்சம் பின்னால். சரியாகத்தான் வந்தாள். பாறையை நெருங்கி வேகத்தைக் குறைத்தபோது ஜெகதீசன் கை தட்டி, "பிரேக்க விடும்மா, ஃப்ரீயா விடு. டபுள் ஷாக் இருக்குல்ல," என்று கத்தினார்.

விட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. தகரத்தைக் கிழித்தது போல. பின்பக்கத்துக் கம்பி பற்றவைத்த இடத்தில் பிய்ந்து, பின்சக்கரம் பக்கவாட்டில் மடிந்துகொண்டது. யாழினி முன்னால் தூக்கி வீசப்பட்டு வலது தோள் தரையில் மோத விழுந்தாள்.

நான் அந்தப் பாறையில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. இறங்கினேன், சைக்கிளைப் போட்டேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு நின்றது. முகம் வெளுத்திருந்தது. ஒருவர் குளுக்கோஸ் வேண்டுமா என்றார். இன்னொருவர் இதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க காரக் கொண்டு வாங்க," என்றேன் ஜெகதீசனிடம்.

"மேடம், அடிபட்டவங்கள நாம அசைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் கூப்டுவோம். அதான் ப்ரோட்டோகால்." சொல்லிக்கொண்டே அவர் பார்த்தது யாழினியின் முழங்கையில் வழிந்த ரத்தத்தை. அவர் காரின் இருக்கைகள் வெள்ளைத் தோல்.

கீழே மண்பாதையில் ஒரு சின்ன டெம்போ போய்க்கொண்டிருந்தது. அன்று குந்தாரப்பள்ளிச் சந்தை. ஓட்டியவர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். பின்னால் மூன்று ஆடுகள். அவர் எங்களிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஆடுகளை ஒரு மூலைக்குத் தள்ளி, கோணிகளை மடித்துப் போட்டு, "ஏறம்மா, கிஷ்ணகிரில எறக்கி வுட்றேன்," என்றார். என் துப்பட்டாவால் அவள் கையை மார்போடு சேர்த்துக் கட்டித் தூக்கி ஏற்றினேன். ஆடுகள் சாந்தமாக நின்றன. அந்தக் காலையில் ஒழுங்காக நடந்துகொண்ட கூட்டம் அது ஒன்றுதான்.

டெம்போ குலுங்கும்போதெல்லாம் யாழினி பல்லைக் கடித்தாள். ஓட்டுநர் தனக்குத்தானே கன்னடத்தில் முனகிக்கொண்டே வந்தார். அதைக் கேட்டவள், "அண்ணா, நிதானவாகி ஹோகி," என்றாள். வேகம் குறைந்தது. பிறகு என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "வலிக்குதுலாம்மா," என்றாள். ஈப்போப் பேச்சின் அந்த 'லா'வை அவள் வாயில் நான் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கே தெரியாமல் வந்திருக்கும். நான் அழுதேன். ஒரு ஆடு என் தோளை முகர்ந்து பார்த்தது.

மருத்துவமனைப் பதிவு மேசையில் இருந்த பெண் யாழினியைப் பார்க்காமல், என் போனில் இருந்த அவள் அடையாள அட்டையின் படத்தைப் பார்த்தாள்.

"யாழினி ஏ பி செல்வராஜ். ஏ பின்னா ஆந்திராவா? ஆந்திரா கேஸுக்கு பக்கத்துக் கவுண்ட்டரு."

"ஆந்திரா இல்ல. அனாக் பெரெம்புவான். மலாய்ல மகள்னு அர்த்தம். செல்வராஜோட மகள்."

"மலாய்னா?"

"மலேசியா."

"அப்ப ஃபாரினரு. ஃபாரினருக்கு வேற ஃபாரம். மாடில குடுப்பாங்க."

யாழினி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "அக்கா, எங்க அப்பாவுக்கு கிஷ்ணகிரிதான். காந்தி ரோட்டுல பாட்டன் வூடு. மொதல்ல எலும்பப் பாருங்க, அப்பால நான் எந்த நாடுன்னு முடிவு பண்ணிக்கலாம்."

அசல் கிருஷ்ணகிரிப் பேச்சு. அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். பத்து வருஷமாக என்னால் எந்த மேசையிலும் செய்ய முடியாத காரியம் அது. இவள் எந்த மொழிக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டாள் என்று உங்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

6

காறை எலும்பு உடைந்திருந்தது. அறுவை செய்யாமல் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். செல்வராஜ் மறுநாள் காலை அந்தக் குவாரிக்குத் தனியாகப் போய் உடைந்த பச்சை சைக்கிளையும் நான் போட்டுவிட்டு வந்த என் சைக்கிளையும் ஒரு டெம்போவில் எடுத்துவந்தார். பால்கனியில் உட்கார்ந்து பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

"வெல்டிங்கு உள்ளாறயே எறங்கல," என்றார். "மேலாப்ல பூசிட்டு பெயிண்டு அடிச்சிருக்கான். எங்க லைன்ல இது வந்திருந்தா தூரத்துல பாத்தே தூக்கிக் கடாசியிருப்பேன்." கம்பியைக் கீழே வைத்தார். "தெனம் யாரு புள்ளைக்கோ நல்ல பொருளு போவணும்னு பாத்துப் பாத்து அனுப்பறேன். எம் புள்ளைக்கு ஆஃபர்ல வாங்கினேன்."

அவரை ஏளனம் செய்ய என்னிடம் நிறையச் சொற்கள் தயாராக இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். தேநீர் ஆறியது.

அடுத்த வாரம் குடியிருப்போர் கூட்டத்தை ஜெகதீசன் கூட்டினார். 'சமீபத்திய துரதிர்ஷ்ட நிகழ்வை முன்னிட்டு' பேஸ்மெண்டில் இனி சைக்கிள்களுக்கு இடமில்லை என்று தீர்மானம். குழுவின் சைக்கிள்களை அவரவர் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக்கொள்ளலாமாம். எங்களுக்குக் கார் இல்லை.

"ரைடர் எரர்னால ஒரு சின்னப் பொண்ணுக்கு அடிபட்டிருக்கு. சேஃப்டி முக்கியம்," என்றார்.

நான் எழுந்தேன். "பிரேக்க விடச் சொல்லிக் கத்தினது யாரு?"

அந்த மேட்டில் நின்றவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் அவசரமாகப் போனில் வேலை வந்துவிட்டது.

"மேடம், மோட்டிவேட் பண்ண சொன்னது அது," என்றார் ஜெகதீசன்.

செல்வராஜ் துணிப்பையிலிருந்து உடைந்த கம்பியை எடுத்து மேசையில் வைத்தார். "சார், வாங்கினது என் தப்பு. அத நான் ஒத்துக்கறேன். என் பொண்ணு மேல தப்புன்னு மட்டும் இன்னொரு வாட்டி சொல்லாதீங்க," என்றார். இந்தக் குடியிருப்பில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் ஜெகதீசன் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு பயன்படுத்தவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. வேண்டாம் என்று கை தூக்கியவர்கள் நாங்கள் இருவர்தான். தமிழர்கள் ஒற்றுமையில்லாதவர்கள் என்று ஈப்போவில் மேடைதோறும் பேசுவார்களே, வந்து பார்க்கட்டும்.

கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிறு காலை யாழினி என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் ஒரு ரவுண்டு போகட்டுமா?" என்றாள். சீட்டை இறக்கி, ஷாக்கில் அவள் எடைக்குக் காற்றைக் குறைத்தேன். ராமநாயக்கன் ஏரிக் கரைக்கு நடத்திக்கொண்டு போனோம். முந்தின நாள் பெய்த மழையில் கரை சேறாக இருந்தது. முதலில் தோளை இறுக்கிக்கொண்டு, நடப்பவர்களைவிட மெதுவாக ஓட்டினாள். பள்ளங்களில் இறங்கி ஏறியபோது சைக்கிள் தன் வேலையைச் செய்தது. மூன்றாவது தடவை வந்தபோது முகத்தில் சேறு தெறித்திருந்தது. "இது மெத்தை மாதிரி போகுதும்மா," என்றாள். "எனக்கும் இப்படிக் கழட்டி மாட்டக் கத்துக் குடு. பெங்களூர் போறப்ப எனக்குன்னு ஒண்ணு பழசா வாங்கி நானே செஞ்சுக்கறேன்."

போகத்தான் போகிறாள். ஆகட்டும் என்றேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். பேஸ்மெண்ட் கிடையாது, எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்டைத் திறந்தால் உள்ளே அப்போதுதான் ஏறிய ஜெகதீசனும் அவர் மனைவி ஜெயந்தியும். முகூர்த்தத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த அம்மாள் பட்டுப்புடவை, கையில் தாம்பூலப் பை. இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பேசியது குறைவு.

"மேடம், லிஃப்ட்ல சைக்கிள் ஏத்தக் கூடாது," என்றார் ஜெகதீசன்.

"தீர்மானத்துல பேஸ்மெண்ட்னுதான இருக்கு."

"அது சரி, ஆனா சேறு..."

ஜெயந்தி அம்மாள் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோளு இப்ப எப்டிம்மா இருக்கு? தூக்க முடியுதா?" என்று கேட்டார். அந்தக் குடியிருப்பில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். யாழினி கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அந்த அம்மாள் பட்டுப்புடவையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். கணவரை முழங்கையால் லேசாகத் தள்ளினார்.

"நகருங்க. உள்ள வரட்டும்."

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு உள்ளே போனோம். கதவு மூடியது. ஜெகதீசனின் மூக்குக்கு நேராக இருபத்தாறு இஞ்ச் டயர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தூக்கிப் பொத்தானை அழுத்த முடியாமல் நின்றார்.

"எந்த மாடி சார்?" என்று கேட்டேன்.

"நாலு," என்றார்.

நான் மூன்றை முதலில் அழுத்தினேன்.